இருபத்தேழாம் இலக்கத்துக்கு இட்ட புள்ளிகள்

திரையின் மேல் ஓரத்தில், மற்ற எல்லோருக்கும் வெகு பின்னால், ஒரு மனிதன் கைகளைத் தொங்கப் போட்டபடி நிற்கிறான். படத்தை நிறுத்தி வைத்திருக்கிறோம். அவனுடைய முதுகில் இருபத்தேழு என்ற இலக்கம். கூட வேலை செய்யும் அக்கா தன் பேனையை மூடியோடு அந்த இலக்கத்தின் மேல் வைத்து, "இவரை ஒருக்கா வடிவாப் பாருங்கோ தம்பி" என்கிறார். நானும் குனிந்து வடிவாகத்தான் பார்க்கிறேன். ஒரு மண்ணும் விளங்கவில்லை. முன்னால் ஒரு கும்பல் எருமைமாடுகள் போல முட்டிக்கொண்டு நிற்க, இந்த மனிதன் மட்டும் பஸ்ஸுக்குக் காத்திருப்பவன் போலச் சும்மா நிற்கிறான். "என்னக்கா செய்யிறான் இவன்?" என்று கேட்கிறேன். "அதைத்தான் பாருங்கோ எண்டுறன். அவன் எண்டு சொல்லாதேங்கோ, உங்களிலும் மூத்த மனுசன்போல கிடக்கு" என்கிறார் அக்கா. அவருக்குக் கொஞ்சம் கோபமும் வந்துவிடுகிறது.

இது நடந்தது முல்லைத்தீவு நகரத்தில், ஒரு ஹாட்வெயர் கடையின் மேல்மாடியில். கீழே தகரமும் சீமெந்தும் ஆணியும் விற்பார்கள். மேலே பன்னிரண்டு கணினிகளுக்கு முன்னால் பன்னிரண்டு பேர் உட்கார்ந்து, அமெரிக்காவில் ஆடப்படும் ஒரு விளையாட்டைப் பார்த்து, அதை ஆடுகிறவர்களுக்குப் புள்ளி போடுவார்கள். சிரிக்காதீர்கள், உண்மையாகத்தான். கொழும்பிலிருந்த ஒரு கொம்பனி இந்த வேலையை வெளிநாட்டிலிருந்து எடுத்து எங்களிடம் தந்திருந்தது. அங்கே ஞாயிற்றுக்கிழமை நடக்கும் ஆட்டம் திங்கட்கிழமை காலை எங்கள் திரைகளுக்கு வந்துவிடும். சிறு சிறு துண்டுகளாக வெட்டி அனுப்புவார்கள். ஒரு துண்டு ஏழெட்டுச் செக்கன்தான் வரும். அதைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, மறிக்கிற பக்கத்தில் நிற்கும் பதினொரு பேரும் என்ன செய்தார்கள் என்று பார்த்து, ஒவ்வொருவருக்கும் ஒரு புள்ளி போட வேண்டும். தனக்குக் கொடுத்த வேலையைச் செய்தவனுக்குச் சைபர். அதற்கு மேலால் செய்தவனுக்கு ஒன்றோ இரண்டோ. கோட்டை விட்டவனுக்குக் கழித்தல் ஒன்று, கழித்தல் இரண்டு. இந்தப் புள்ளிகளைக் கூட்டிப் பார்த்துத்தான் அங்கே யாரை வைத்திருப்பது, யாரை வீட்டுக்கு அனுப்புவது என்று யோசிப்பார்களாம்.

அமெரிக்கர்கள் இதைக் கால்பந்து என்கிறார்கள். காலுக்கு அதில் பெரிய வேலையில்லை. பந்தும் பார்க்கப் பந்து மாதிரி இராது, முற்றிய பப்பாசிப்பழம் மாதிரி இருக்கும். அதைக் கையில் தூக்கிக்கொண்டு ஒரு பகுதி ஓடும், அல்லது ஒருவர் எறிய இன்னொருவர் தூரத்தில் போய்ப் பிடிப்பார். மற்றப் பகுதி மறிக்கும். எங்களுக்கு ஒதுக்கியது ஒரேயோர் அணி, அதிலும் அந்த அணி மறிக்கிற துண்டுகள் மட்டும். வருடக்கணக்கில் அந்த அணியைப் பார்த்தோம், அவர்கள் எப்படிப் பந்தைக் கொண்டுபோய் வெல்கிறார்கள் என்று ஒருநாள்கூடப் பார்த்ததில்லை. மறிப்பது மட்டும்தான் எங்களுக்குத் தெரியும். நான் லீவில் என் ஊரான ஸ்கந்தபுரத்துக்குப் போய், என்ன வேலை என்று அம்மாவுக்கு விளங்கப்படுத்தியபோது, "அந்தப் பப்பாசி விளையாட்டுப் பாக்கவே உனக்குச் சம்பளம் தாறாங்கள்? கடவுளே, கொப்பர் வயலுக்க கிடந்து செத்ததை நினைச்சால்..." என்று தலையில் கைவைத்துக்கொண்டார்.

நான் அங்கே மேற்பார்வையாளர். மேற்பார்வை என்றால் மற்றப் பதினொரு பேரும் போடும் புள்ளிகளைச் சரிபார்த்து அனுப்பிவிடுவது. என்னிலும் வயது கூடியவர்களுக்கு மேல் என்னை வைத்ததற்குக் காரணம் என்னுடைய ஆங்கிலம், வேறொன்றுமில்லை. நகரத்தில் ஒரு வீட்டில் அறை எடுத்திருந்தேன். அந்த வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் வெளிநாடு. வயதான சொந்தக்காரர் ரீவியைச் சத்தமாக வைத்துவிட்டு முன்னறையில் தூங்குவார். கந்தோர் விட்டு வந்தால் அடுத்த நாள் காலைவரை ஒரு மனிதரோடு ஒரு வார்த்தை பேசாமல் இருந்துவிடலாம். இருந்தேன். நான் வயல்காட்டுப் பிள்ளை. அந்தக் கரையோர ஊரில் எனக்கு உறவென்று சொல்ல ஒருவருமில்லை.

முதல் மாதம் நாங்கள் எல்லோரும் சேர்ந்து ஒரு பெரிய முட்டாள்தனம் செய்தோம். பந்து வெளிக்கிட்டவுடன் மறிப்புக்காரர்களில் சிலர் முன்னுக்குப் பாய, வேறு சிலர் பின்னுக்கு ஓடுவார்கள். பின்னுக்கு ஓடியவர்கள் அத்தனை பேருக்கும் எங்கள் மேல்மாடி ஒரே குரலில் கழித்தல் இரண்டு போட்டது. எதிரி வரும்போது பின்னுக்குப் போகிறவனுக்கு வேறு என்ன போடுவது? எங்கள் பக்கத்தில் வளர்ந்த ஒருவரிடமும் நீங்கள் அதைக் கேட்கத் தேவையில்லை. சண்டைக் காலத்தில் பின்னுக்கு, பின்னுக்கு என்று போய்க் கடைசியில் கடற்கரை மணலில் முடிந்த சனம் நாங்கள். அது தோல்வி என்பது எங்கள் எலும்புக்குள்ளேயே இருந்தது. நான் எல்லாவற்றையும் சரியென்று ஒப்பமிட்டு அனுப்ப, முழுவதும் அப்படியே திரும்பி வந்தது. கூடவே கொழும்பிலிருந்து ஒரு கடிதம், நல்ல நாகரிகமான ஆங்கிலத்தில் ஏச்சு.

பன்னிரண்டு பேரில் ஒருவருடைய புள்ளிகள் மட்டும் சரியாக இருந்தன. நாயாற்றிலிருந்து பஸ்ஸில் வருகிற அக்கா. நாற்பதைத் தாண்டியவர், கணவரை இழந்தவர், சண்டை முடிந்த பிறகு ஏதோவொரு தொண்டு நிறுவனத்தில் பெயர்ப் பட்டியல் தட்டச்சுச் செய்யப் போய்க் கணினி பழகியவர். எங்களில் மிகக் குறைவாகக் கதைக்கிறவர். "நீங்கள் மட்டும் ஏனக்கா இவங்களுக்குக் கழிக்கேல்ல?" என்று கேட்டேன். "அவை ஓடேல்லையே தம்பி. முதுகைக் காட்டிக்கொண்டு போனால்தான் ஓட்டம். இவை முகத்தை முன்னுக்கு வைச்சுக்கொண்டெல்லோ போயினம். பின்னுக்குப் போய் நிக்கிறதுதான் அவைக்குக் குடுத்த வேலை" என்றார். நாங்கள் எல்லோரும் எங்கள் கதிரைகளைத் தள்ளிக்கொண்டு அவருடைய மேசையைச் சுற்றி வந்து பார்த்தோம். ஓம், முகம் முன்னுக்குத்தான் இருந்தது. ஒரு கிழமை உட்கார்ந்து எல்லாவற்றையும் திரும்பப் போட்டோம்.

அதன் பிறகுதான் எங்களுக்கு வேலை பிடிபட்டது. ஆங்கிலப் பெயர்கள் வாயில் நுழையாதபடியால், நாங்கள் மைதானத்தை ஒரு வீட்டு வளவாக்கிக்கொண்டோம். எதிரியோடு முட்டும் முன்வரிசை வேலி. அதற்குப் பின்னால் நிற்பவர்கள் முற்றம். இரண்டு ஓரங்களிலும், வளவோரச் சந்து மாதிரி, ஓடித் திரிபவர்கள் ஒழுங்கை. எல்லோருக்கும் பின்னால், வீட்டுக்குப் பின்பக்கம் மாதிரி, தன்னந்தனியாக நிற்பவர்கள் கோடிப்புறம். "வேலி பிரிஞ்சு போச்சு", "முற்றத்தில ஆளில்லை, எல்லாரும் ஒழுங்கைக்குப் போயிட்டினம்" என்று நாங்கள் கத்துவதைக் கேட்டு, கீழே ஹாட்வெயர் கடைக்காரர் ஒருநாள் காணிச் சண்டை என்று நினைத்து மேலே ஏறி வந்துவிட்டார். கோடிப்புறத்தை ஒருவரும் விரும்பி எடுக்கவில்லை. அங்கே நிற்பவர்கள் பெரும்பாலும் ஒன்றும் செய்யாததுபோல் தெரிவார்கள், கண் சலித்துப் போகும். அதை அக்கா எடுத்துக்கொண்டார். அப்படித்தான் இருபத்தேழு அவருடைய மேசைக்கு வந்தார்.

முதலில் சொன்னேனே, அன்றைக்கு நான் ஒன்றும் விளங்காமல் விழித்ததும் அக்கா துண்டை முதலிலிருந்து மெதுவாக ஓடவிட்டார். "எறியிறவர் இந்தப் பக்கம்தான் எறியப் பாத்தவர். கையை ஓங்கினவர். இவர் ரெண்டடி இஞ்சால எடுத்து வைச்சதைக் கண்டிட்டு மற்றப் பக்கம் திருப்பி எறிஞ்சவர். மற்றப் பக்கம் எங்கட ஆக்கள் மூண்டு பேர் நிண்டவை. பந்து மண்ணில விழுந்தது. இப்ப சொல்லுங்கோ, இது ஆரின்ர வேலை?" இரண்டே இரண்டு அடி. அதுவும் ஓடவில்லை, நடந்தார். நான் நாலாம் முறை பார்த்தபோதுதான் கண்டேன். அக்கா அந்த மனிதருக்கு ஒன்று போட்டிருந்தார். நான் ஒப்பமிட்டேன்.

இதை எங்கே பழகினீர்கள் என்று ஒருநாள் கேட்டேன். அக்காவின் கணவர் கரைவலையில் வேலை செய்தவராம். கரைவலை என்றால், வள்ளத்தில் போய்க் கடலில் வலையை வளைத்துப் போட்டுவிட்டு, அதன் இரண்டு முனைக் கயிற்றையும் கரையில் நின்று இரண்டு கூட்டம் இழுப்பது. இழுக்கிறவர்களுக்கு வலை தெரியாது, கயிறு மட்டும்தான் தெரியும். அதனால் ஒருவர் இழுக்காமல் தள்ளி நின்று, வலை எப்படி வருகிறதென்று பார்த்துக் கையைக் காட்டிக்கொண்டிருப்பார். இந்தப் பக்கம் மெதுவாக, அந்தப் பக்கம் கெதியாக. அவர் கண்ணை எடுத்தால் ஒரு பக்கம் முந்திவிடும், மீன் முழுக்க மற்றப் பக்கத்தால் போய்விடும். "என்ர மனுசன் அந்த வேலைதான் செய்தவர். புதுசா வாற ஆக்கள், இந்தாள் சும்மா நிண்டு பங்கு வாங்குது எண்டு சொல்லுவினம். அவர் ஒண்டும் சொல்லார், சிரிப்பார்" என்றார். அந்த மனிதர் எப்படி இறந்தார் என்று நான் கேட்கவில்லை, எங்கள் ஊர்களில் அதை ஒருவரும் கேட்பதில்லை.

பின்னேரம் நாலரைக்கு வேலை முடியும். நாயாற்று பஸ் ஐந்தரைக்கு. அந்த ஒரு மணித்தியாலத்தில் நானும் அக்காவும் பஸ் நிலையத்துக்கு நடந்துபோய், சீமெந்து வாங்கில் உட்கார்ந்து அன்றைய துண்டுகளைப் பற்றிச் சண்டை பிடிப்போம். உலகத்தில் அப்படியொரு காட்சியை எங்கேயும் கண்டிருக்க மாட்டீர்கள். மீன்கூடைகளுக்கும் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் நடுவில் இரண்டு பேர், அமெரிக்காவில் ஓர் ஒழுங்கைக்காரர் ஏன் கோடிப்புறத்தாரின் உதவி வருமுன்னே உள்ளுக்கு வெட்டினார் என்று வாதாடுகிறார்கள். வேலியிலும் முற்றத்திலுமாக எட்டுப் பேரை நிறுத்தினால் பின்னுக்கு ஒருவர்தான் மிஞ்சுவார், அந்த ஒருவர் இருபத்தேழாக இருந்தால் பரவாயில்லை, வேறு யாராவது என்றால் முடிந்தது கதை என்பது அக்காவின் வாதம். நான் வேண்டுமென்றே மறுப்பேன். அவருக்கு மூச்சு வாங்கும். அந்த நாட்களில் நான் மனிதனாக இருந்தது அந்த ஒரு மணித்தியாலம்தான்.

கந்தோரில் மற்றவர்கள் இருபத்தேழை "அக்காவின்ர ஆள்" என்று பகிடி பண்ணுவார்கள். "அக்கா, உங்கட ஆள் இண்டைக்கு விழுந்து போனார்." அக்கா பொருட்படுத்தமாட்டார். விழுந்த துண்டுக்குத் தயங்காமல் கழித்தல் இரண்டு போடுவார். இருந்தாலும் அந்தப் பகிடி என் மனதில் ஒரு மூலையில் கிடந்தது, அதைப் பிறகு நான் எனக்கு வசதியாக எடுத்துக்கொண்டேன்.

மூன்றாம் வருடம் ஒரு புதன்கிழமை கொழும்பிலிருந்து தொலைபேசி வந்தது. பேசியவர் சுற்றி வளைக்கவில்லை. இருபத்தேழுக்கு வயது போய்விட்டது, அடுத்த வருடத்துக்கு அவரை வைத்திருப்பதா என்று அந்த அணி யோசிக்கிறது. இன்னொரு நிறுவனம் போட்ட புள்ளிகளோடு ஒப்பிட்டால் எங்களுடையது மட்டும் அவருக்கு மிகவும் உயரமாக இருக்கிறது. "அந்த ஆள் பந்தைத் தொடவேயில்லை, நீங்கள் எதுக்கு மாக்ஸ் அள்ளிக் குடுத்திருக்கிறீங்க? வெள்ளிக்கிழமைக்குள்ள சரிப்படுத்துங்க. இல்லாட்டி ஒப்பந்தத்தை வேற இடத்துக்குக் குடுக்கப் போறாங்க." பன்னிரண்டு பேரின் வேலை. ஒருவருக்கு வீட்டுக் கடன், ஒருவர் பிள்ளைத்தாச்சி, இரண்டு பேர் அந்த மாதம்தான் சேர்ந்தவர்கள்.

அந்த வெள்ளிக்கிழமை அக்கா மாதா கோவில் பெருநாளுக்காக லீவு எடுத்திருந்தார். நான் காலையிலிருந்து இருபத்தேழின் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். அக்கா பிழை விட்டிருக்கவேண்டும் என்று நேர்ந்துகொண்டு பார்த்தேன். தன்னுடைய மனுசனை நினைத்து அள்ளிக் கொடுத்திருப்பார், அப்படி இருந்தால் மாற்றுவதில் ஒரு பாவமும் இல்லை. நாற்பத்துச் சொச்சம் துண்டுகள். நாலைந்தைத் தவிர மற்ற எல்லாமே சரி. அந்த மனிதர் இரண்டடி வைக்கிறார், எறிபவர் மனதை மாற்றுகிறார். ஒரு கையைக் காட்டுகிறார், ஒழுங்கைக்காரர் இடம் மாறுகிறார். எல்லாவற்றையும் என் கண்ணால் கண்டேன். கண்டுவிட்டு, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, ஒன்றுகளைச் சைபராகவும் சைபர்களைக் கழித்தல் ஒன்றாகவும் மாற்றத் தொடங்கினேன். நாலரைக்கு முன்னர் முடித்து அனுப்பிவிட்டேன். அக்காவுக்கு ஒரு தொலைபேசி எடுத்து நிலைமையைச் சொல்லியிருக்கலாம். அவர் மறுப்பார், அழுவார், கந்தோரில் பிரளயம் நடக்கும் என்று நானே தீர்மானித்துக்கொண்டேன். சரியாகச் சொன்னால், பயந்தேன். அந்த மேல்மாடியில் அவர் ஒருவர்தான் என்னை மதித்தவர், அதை இழக்கப் பயந்தேன்.

திங்கட்கிழமை காலை அக்கா தன் திரையைத் திறந்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து என் மேசைக்கு வந்தார். சத்தம் போடவில்லை. "தம்பி, இருபத்தேழின்ர மாக்ஸ் எல்லாம் மாறிக் கிடக்கு. ஆர் மாத்தினது?"

"தெரியேல்லையக்கா. கொழும்பில சிஸ்டத்தில ஏதும் பிழை வந்திருக்கும்."

அக்கா என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். "சிஸ்டமோ?" என்றார்.

"ஓமக்கா, நான் எதுக்கும் ஒருக்கா கேட்டுப் பாக்கிறன்" என்றும் சொன்னேன். வெட்கம் கெட்டவன், அதையும் சொன்னேன். அவர் தலையை ஆட்டிவிட்டுத் தன் கதிரைக்குப் போய்விட்டார்.

அன்றைக்குப் பின்னேரம் அவர் தையல்காரியிடம் போகவேண்டும் என்று எனக்குக் காத்திராமல் போய்விட்டார். அடுத்த நாள் மருந்துக்கடை. இப்படி இரண்டு கிழமை. வேலையில் ஒரு குறையும் இல்லை, இருபத்தேழுக்கு முன்போலவே நியாயமாகப் போட்டார். சில நேரம் நிமிர்ந்து பார்த்தால் அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருப்பார். நான் உடனே தொலைபேசியை எடுப்பேன். இரண்டாம் கிழமை முடிவில், குடும்பக் காரணம் என்று எழுதிய கடிதத்தை வைத்துவிட்டு நின்றுகொண்டார். எல்லோருக்கும் சொல்லிக்கொண்டு போனார், எனக்கும் "வாறன் தம்பி" என்றார். ஒரு வாரத்துக்கு நான் ஐந்தரை மணிவரை பஸ் நிலைய வாங்கில் போய் உட்கார்ந்திருந்தேன், பைத்தியக்காரன் மாதிரி.

அந்தப் பருவம் முடிந்து அடுத்த வருடத்துப் பெயர்ப் பட்டியல் வந்தபோது இருபத்தேழாம் இலக்கத்துக்கு எதிரே வேறொரு பெயர் இருந்தது. எங்கள் புள்ளிகளால்தான் அவரை விட்டார்களா என்று எனக்குத் தெரியாது. அங்கே எத்தனையோ பேர் எத்தனையோ கணக்குப் பார்த்திருப்பார்கள். ஒரு பிடி மண் அள்ளிப் போட்டவர்களில் நானும் ஒருவன், அது மட்டும் நிச்சயம். ஒப்பந்தம் தப்பியது. ஒன்றரை வருடம்தான். பிறகு, கமராக்களே பார்த்துப் புள்ளி போடும் இயந்திரம் வந்துவிட்டது என்றார்கள். மேல்மாடியை மூடினோம். ஹாட்வெயர் கடைக்காரர் இப்போது அங்கே தண்ணீர்த் தாங்கிகள் வைத்திருக்கிறார்.

நான் ஸ்கந்தபுரத்துக்கு வந்துவிட்டேன். அம்மா போன வருடம் போய்விட்டார். அக்கா தங்கை என்று எனக்கு ஒருவருமில்லை, கல்யாணமும் தட்டித் தட்டிப் போய் நின்றுவிட்டது. தனிமை என்று எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் வேறு சொல் கிடைக்கவில்லை. ஆறு மாதத்துக்கு முன்னர் அதே கொழும்புக் கொம்பனி மறுபடி கூப்பிட்டது. இயந்திரம் சில இடங்களில் பிழை விடுகிறதாம், பார்த்துத் திருத்த ஆள் வேண்டுமாம், வீட்டிலிருந்தே செய்யலாமாம். மேற்பார்வையாளனாக அல்ல, சாதாரணப் பார்வையாளனாக. சரியென்றேன். முதல் நாளே இயந்திரம் ஒரு கோடிப்புறத்துக்காரருக்குக் கழித்தல் ஒன்று போட்டிருந்ததைச் சைபராக மாற்றினேன். மாற்றியதும் அதன் அடியில் சின்ன எழுத்தில் ஒரு வரி விழுந்தது. மாற்றியவர் என்று போட்டு, பக்கத்தில் என் பெயர்.

என்னுடைய பழைய மேற்பார்வைத் திரையில் அப்படியொரு வரி இருந்ததேயில்லை. பழைய கந்தோர்ப் பிள்ளை ஒருத்திக்கு உடனே தொலைபேசி எடுத்துக் கேட்டேன். "ஓமண்ணை, எங்கட ஸ்கிறீனில முந்தியும் விழுறதுதானே. ஆர் கை வைச்சாலும் பேர் காட்டும். உங்களுக்குத் தெரியாதோ?" என்று அவள் சிரித்தாள். அப்படியென்றால் அக்கா அன்றைக்குக் கண்டிருக்கிறார். நாற்பத்துச் சொச்சம் துண்டுகளின் அடியிலும் என் பெயரைக் கண்டுவிட்டுத்தான் எழுந்து என்னிடம் வந்திருக்கிறார். மூன்று நாள் சோறு இறங்கவில்லை. நாலாம் நாள் காலை முதல் பஸ்ஸில் கிளிநொச்சிக்கு வந்து, அங்கிருந்து முல்லைத்தீவு, அங்கிருந்து நாயாறு.

அக்கா கடற்கரையில் மீன் வாடிக் கொட்டிலுக்கு வெளியே நெத்தலி காயவிட்டுக்கொண்டிருந்தார். தலை நன்றாக நரைத்திருந்தது. என்னைக் கண்டதும், "அட, தம்பியே! வாங்கோ, உதில இருங்கோ, வெயில்" என்று கவிழ்த்து வைத்திருந்த ஒரு பெட்டியைக் காட்டினார். நான் இருக்கவில்லை. வரும் வழியெல்லாம் அடுக்கி வைத்திருந்த வசனங்கள் போன இடம் தெரியவில்லை.

"அக்கா, அண்டைக்கு அந்த மாக்ஸ் மாத்தினது நான்தான்."

"ஓம். தெரியும்" என்றார், நெத்தலியைப் பரவிக்கொண்டே.

"தெரிஞ்சுகொண்டு ஏனக்கா என்னட்டக் கேட்டனீங்கள்?"

"நீங்கள் வாய் திறந்து சொல்லட்டும் எண்டுதான். ரெண்டு கிழமை பாத்துக்கொண்டிருந்தனான் தம்பி. இண்டைக்குச் சொல்லுவியள், நாளைக்குச் சொல்லுவியள் எண்டு."

கொழும்பிலிருந்து வந்த தொலைபேசியை, பன்னிரண்டு பேரின் வேலையை எல்லாம் கொட்டினேன். அவர் கையை நிறுத்தி முழுவதையும் கேட்டார். "இதை அண்டைக்கே சொல்லியிருந்தால் நானே மாத்தித் தந்திருப்பனே" என்றார்.

எனக்கு விளங்கவில்லை. "நீங்களோ? இருபத்தேழுக்கோ?"

"பின்னை? பன்னிரண்டு வீட்டில உலை வைக்கிற கதை. அங்க இருக்கிற மனுசனுக்காக இஞ்ச இருக்கிற பிள்ளையளைப் பட்டினி போடுவனே? அழுதழுது எண்டாலும் என்ர கையால மாத்தியிருப்பன். ஆனா அது நாங்கள் ரெண்டு பேரும் சேந்து செய்த பாவமா இருந்திருக்கும். பஸ் ஸ்ராண்டில இருந்து ரெண்டு பேருமாக் கவலைப்பட்டிருக்கலாம். நீங்கள் என்னைத் தனிய விட்டிட்டியள் தம்பி. நீங்களும் தனியப் போயிட்டியள்."

கடல் இரைந்துகொண்டிருந்தது. நான் அழுதேன், அதை மறைக்கவில்லை. அக்கா என்னைத் தேற்றவுமில்லை, ஏசவுமில்லை. சிறிது பொறுத்து, "அவர் இப்பவும் விளையாடுறாரோ?" என்று கேட்டார்.

"இல்லையக்கா. அந்த வருசத்தோட விட்டிட்டாங்கள்."

அக்கா நெத்தலிப் பாயின் மறு முனைக்குப் போய்க் குனிந்து, ஏற்கெனவே பரவியிருந்ததைத் திரும்பவும் பரவினார். நான் உதவிக்குக் குனிந்தபோது, "வேண்டாம் தம்பி, கை மணக்கும். நீங்கள் வெளிக்கிடுங்கோ, பஸ் போயிடும்" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். முன்பின் தெரியாத ஒருவருக்குச் சொல்லும் மரியாதை.

இப்போதும் திங்கட்கிழமை காலையில் துண்டுகள் வருகின்றன. அணி வேறு, ஆட்கள் வேறு. முன் அறையில் மேசையைப் போட்டு உட்கார்ந்து, கோடிப்புறத்தில் நிற்பவர்களை ஒவ்வொருவராகப் பார்க்கிறேன். ஒருவர் இரண்டடி எடுத்து வைக்கிறார், எறிபவர் மனதை மாற்றுகிறார், இயந்திரம் அவருக்குக் கழித்தல் போட்டிருக்கிறது. நான் அழித்துவிட்டு ஒன்று போடுகிறேன். போன கிழமை அப்படியொரு நல்ல துண்டைக் கண்டு, "அக்கா, இஞ்ச ஒருக்கா வாங்கோ" என்று வாய்விட்டே கூப்பிட்டுவிட்டேன். வீட்டில் என் குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது. திருத்துகிற ஒவ்வொரு புள்ளிக்கும் அடியில் என் பெயர் சின்ன எழுத்தில் விழுகிறது. யார் மாற்றியது என்று என் மேசைக்கு வந்து கேட்க ஒருவரும் இல்லை.